கணிதப் பெரியார் லியோனார்டு ஆய்லர்

இப்பரந்த உலகிற் பிறந்து மறைந்த பெரியோர் பலர். வாள்வலியால் நாடுகளை வென்று பெயர் நிறுத்தினோர் சிலர். நாவன்மையால் மக்களைத் தம்வயப்படுத்தினோர் சிலர். இவ்விரு திறத்தாரும் அல்லராய்த் தனியறையில் அமர்ந்து, இயற்கையினுள் மறைந்துகிடக்கும் ஒழுங்கினை ஆராய்ந்து, பின்வரும் தலைமுறையினர் எல்லாரும் எடுத்து வழங்குதற்கேற்ற எளிய வடிவில் அதனை அமைத்துத் தந்து சென்றோர் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர், சுவிட்சர்லாந்து நாட்டில் தோன்றிய லியோனார்டு ஆய்லர் என்னும் கணிதப் பெரியார்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வார் ஒருவர் கணித அறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவதேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நம் கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் மாணவர் ஊசலை ஆட்டிவிட்டு அலைவுகளை எண்ணுகின்றனர். சைன் என்றும் கோசைன் என்றும் சொல்லிச் சமன்பாடு எழுதுகின்றனர். அச்சொற்கள் ஊசலின் அசைவோடு இணைந்த வரலாற்றை நினைப்பார் அருமை. மேலும், இவ்வறிஞர் இலக்கியத்தை வெறுத்தவரல்லர். இலத்தீன் மகாகவி வர்ஜிலின் பெருங்காப்பியம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்ல வல்லவர். கப்பல் நங்கூரம் இடுவதைக் கூறும் ஓரடியே அவரை இயக்கநூற் கணக்கு ஒன்றில் ஈடுபடுத்தியது என்பர். காப்பியத்தையும் கணக்கையும் ஒரு நெஞ்சில் வைத்துப் போற்றிய ஒருவரைப்பற்றிப் பேசுதற்குத் தமிழ் மாணவர்க்கும் உரிமை உண்டு.

இளமை

ஆய்லர் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் நாள் பாசல் நகரிற் பிறந்தார். தந்தையார் பவுல் ஆய்லர், சீர்திருத்தத் திருச்சபையிற் குருவாக ஊழியம் செய்தவர். தாயார் மார்கரெத்தா புரூக்கர் என்பாரும் ஒரு குருவின் மகளாரே. மகன் பிறந்த சிறிது காலத்திற்குள் குடும்பத்தினர் பாசலுக்கு அண்மையிலுள்ள ரீயென் என்னும் சிற்றூரிற் குடியேறினர். அவ்வூரின் அமைதியிலே ஆய்லர் வளர்ந்தார். தந்தையார் தம் இளமையில் யாக்கோபு பெர்னூலி என்னும் கணிதப் பேராசிரியரிடம் பாடம் கேட்டவராதலின், மகனுக்கு முதற்கணக்கைத் தாமே கற்பித்தார். எனினும் மகனும் தம்மைப்போல் திருப்பணிக்கே வரவேண்டும் என்பது அவர் விருப்பம்.

1720-ஆம் ஆண்டில், பதின்மூன்றாம் வயதில், ஆய்லர் பாசல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். டேக்கார்ட்டு, நியூட்டன் என்னும் இருவர்தம் கொள்கைகளையும் ஒப்பிட்டு உரை நிகழ்த்தி முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர்த் தந்தையார் விரும்பியவாறே இறையியலும் கிரேக்கமும் எபிரேயமும் பயிலத் தொடங்கினார். ஆயினும் நெஞ்சம் கணக்கிலேயே நின்றது. யாக்கோபின் இளவலும் அந்நாளிற் கணிதத்தில் தலைசிறந்து விளங்கியவருமான யோகான் பெர்னூலியிடம் சென்று தமக்குத் தனியே பாடம் சொல்லுமாறு வேண்டினார். ஓய்வில்லாத அப்பேராசிரியர் அதற்கு இசையவில்லை. கடினமான நூல்களைத் தாமே படிக்கும்படியும், விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை பிற்பகலில் வரும்படியும் கூறிவிட்டார். மாணவரோ, ஆசிரியரைப் பல ஐயங்களால் வருத்தலாகாது என்று கருதி, வாரம் முழுதும் உழைத்துத் தம்மால் இயன்றவற்றையெல்லாம் தாமே தீர்த்துக்கொண்டு, எஞ்சிய சிலவற்றோடு மட்டும் செல்வார். தாமே முயன்று கற்கும் இப்பழக்கம் அவர்க்கு வாழ்நாள் முழுவதும் துணைநின்றது. மாணவரின் ஆற்றலை அளந்தறிந்த பெர்னூலி, தந்தையாரிடம் பரிந்து பேசினார். தந்தையாரும் உளம் இசைந்து, மகனைக் கணித வழியில் விடுத்தார்.

உருசிய நாட்டில்

உருசியப் பேரரசர் பீட்டர் தம் புதிய தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அறிவியற் கழகம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டிருந்தார். அவர் மறைவிற்குப் பின்னர் அது தொடங்கிற்று. யோகான் பெர்னூலியின் மக்கள் இருவர் 1725-ஆம் ஆண்டில் அங்குச் சென்றனர். அவர்தம் முயற்சியால் ஆய்லர்க்கும் அழைப்பு வந்தது. 1727-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இருபது வயதை நெருங்கிய இளைஞராய், அவர் பாசலை விட்டுப் புறப்பட்டார். அதற்குப்பின் தம் பிறந்த நாட்டில் வாழ அவர் திரும்பவேயில்லை. தானியேல் பெர்னூலியின் இல்லத்தில் உடனுறைந்து பணி தொடங்கினார். தானியேல் பாசலுக்கு மீண்டபொழுது, 1733-ஆம் ஆண்டில், அவர் வகித்த கணிதப் பேராசிரியர் பதவி ஆய்லர்க்குக் கிட்டியது. அடுத்த ஆண்டில் ஓவியர் ஒருவரின் மகளாகிய கத்தரீனா கிசெல் என்பாரை மணந்தார். அவர்களுக்குப் பதின்மூன்று மக்கள் பிறந்தனர். எண்மர் இளமையிலேயே இறந்தனர். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும், பிற பிள்ளைகள் காலடியில் விளையாடவும் அவர் கணக்கெழுதுவது வழக்கம் என்பர்.

1738-ஆம் ஆண்டில் அவருக்கு வலக்கண்ணின் பார்வை போயிற்று. அவ்வாண்டிலேயே நம் நாட்டோடு அவரை இணைக்கும் சிறு நிகழ்ச்சி ஒன்றும் நேர்ந்தது. கழகத்தைச் சேர்ந்த பாயர் என்னும் மொழியறிஞர், பாக்டிரியாவை ஆண்ட கிரேக்க அரசர் வரலாற்றை நூலாக வெளியிட்டார். தரங்கம்பாடியில் ஊழியம் செய்த வால்தர் என்னும் குரு, இந்நாட்டார் காலங்கணிக்கும் முறையைப்பற்றி எழுதிய கட்டுரை அந்நூலிற் சேர்க்கப்பெற்றது. அதனோடு இந்தியரின் சூரிய ஆண்டைப்பற்றி ஆய்லர் வரைந்த சிறு கட்டுரையும் இடம்பெற்றது. ஞாயிறு ஒரு விண்மீனினின்று புறப்பட்டு அதே விண்மீனை மீண்டும் அடைதற்கு ஆகும் காலமே இந்நாட்டாரின் ஆண்டு என்பதை அவர் கண்டறிந்து எழுதினார். காவிரி கடலொடு கலக்கும் பகுதியில் வழங்கிய கணக்கு, பனி உறையும் நேவா ஆற்றங்கரையில் ஆராயப்பெற்றது நமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் தருவதாகும்.

சைனும் கோசைனும்

இனி அவர்தம் செயல்களுள் நாம் சிறப்பாகக் கருத எடுத்துக்கொண்டதனைக் காண்போம். சைன் என்னும் சொல்லே நெடுந்தொலைவு நடந்து வந்த சொல். கி. பி. 499-ஐ ஒட்டி வானநூல் இயற்றிய ஆரியபடர், வட்டத்தின் வில்லையும் அதன் நாணையும் கருதி, அரை நாணின் நீளங்களைப் பட்டியலாகத் தந்தார். நாண் எனப் பொருள்படும் ஜியா என்ற வடசொல் அரபு நாட்டாரிடம் சென்றபொழுது ஒலி திரிந்தது. அவ்வெழுத்துக்களை ஆடையின் மடிப்பைக் குறிக்கும் வேறொரு சொல்லாகக் கொண்ட ஐரோப்பியர், அப்பொருளுடைய சைனஸ் என்ற இலத்தீன் சொல்லால் அதனை மொழிபெயர்த்தனர். அதுவே சைன் ஆயிற்று. பெயர் மாறினும் பொருள் மாறவில்லை. பல நூற்றாண்டுகளாக அது வட்டத்தினுள் வரைந்த ஒரு கோட்டின் நீளமாகவே இருந்தது. வட்டம் பெரிதாயின் கோடும் பெரிதாகும். ஆரியபடர் ஆரத்தை 3438 அலகாகக் கொண்டார். ஐரோப்பியர் நுண்மை வேண்டிக் கோடிக்கணக்கான அலகாகவும் கொண்டனர். வானத்தையும் நிலத்தையும் அளப்பார்க்கு அது கருவியாயிற்று.

மற்றொருபுறம், ஆடும் பொருள்களைப்பற்றிய ஆராய்ச்சியும் வளர்ந்துவந்தது. ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் 1656-ஆம் ஆண்டில் ஊசற் கடிகாரம் அமைத்தார். இங்கிலாந்தில் ஹூக் 1678-ஆம் ஆண்டில், சுருள்வில்லை எவ்வளவு இழுக்கின்றோமோ அவ்வளவிற்கு ஏற்ப அது திருப்பி இழுக்கும் என்னும் விதியை வெளியிட்டார். நியூட்டன் 1687-ஆம் ஆண்டு நூலில், நடுவிடத்தினின்று விலகிய தொலைவிற்கு ஏற்ற விசையால் ஓடும் பொருளின் இயக்கத்தை வட்டம் வரைந்து விளக்கினார். ஆகவே இவ்வியக்கத்தை முதன்முதற் கண்டவர் ஆய்லர் என்று கூறுதல் பொருந்தாது. முன்னோர் படத்தில் வரைந்து காட்டியதனைக் காலத்தைத் தொடர்ந்து செல்லும் ஓர் எண்ணாக எழுதிக் காட்டியதே அவர்தம் செயல்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஏறத்தாழ 99 செண்டிமீட்டர் நீளமுள்ள நூலில் குண்டொன்றைக் கட்டி, நடுவிடத்தினின்று 10 செண்டிமீட்டர் ஒருபுறம் விலக்கிக் கைவிடுவோம். அஃது ஒரு விநாடியில் மறுபுறம் சென்று, அடுத்த விநாடியில் தொடங்கிய இடத்திற்கு மீளும். இவ்வாறு ஒருமுறை சென்று மீள ஆகும் இரண்டு விநாடியே அலைவுக் காலம். 10 செண்டிமீட்டரே வீச்சு. இடையில் அக்குண்டு எந்த நேரத்தில் எங்கே இருக்கும்? இரண்டு விநாடியில் ஒரு சுற்று முடிக்கும் புள்ளி ஒன்று 10 செண்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒரே வேகத்துடன் ஓடுவதாகக் கருதுக. அவ்வட்டத்தைப் பக்கத்தினின்று பார்த்தால் புள்ளி ஒரு கோட்டில் முன்னும் பின்னும் செல்வதாகவே தோன்றும். அத்தோற்றமே ஊசலின் இயக்கம். புள்ளி சுற்றிய கோணத்தின் கோசைனை வீச்சால் பெருக்கக் குண்டின் இடம் கிடைக்கும்.

கைவிட்ட நொடியில் கோணம் சுழி, கோசைன் ஒன்று, குண்டு 10 செண்டிமீட்டரில் நிற்கும். மூன்றிலொரு பங்கு விநாடியில் கோணம் 60 பாகை, கோசைன் அரை, குண்டு 5 செண்டிமீட்டரில் இருக்கும். அரை விநாடியில் கோணம் 90 பாகை, கோசைன் சுழி, குண்டு நடுவிடத்தைக் கடக்கும். முதல் 5 செண்டிமீட்டரைக் கடக்க மூன்றிலொரு பங்கு விநாடி ஆயிற்று. அடுத்த 5 செண்டிமீட்டருக்கு அதிற் பாதியே போதுமாயிற்று. நடுவிடத்தில் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 31 செண்டிமீட்டர். ஓரங்களில் வேகம் சுழி. ஓரத்தில் தயங்கி நின்று நடுவில் விரைந்தோடும் ஊசலின் நடையைக் கோசைன் தானே காட்டிவிடுகின்றது. கைவிட்ட நொடியினின்று காலத்தை எண்ணாமல், குண்டு நடுவிடத்தைக் கடக்கும் நொடியினின்று எண்ணினால் கோசைனுக்கு மாறாகச் சைன் வரும். இரண்டும் ஒரே நடை. தொடக்கம் மட்டுமே வேறு. ஊசலைப் பொறுத்தவரை இக்கணக்கு வீச்சுச் சிறிதாயிருக்கும்பொழுதே நன்கு பொருந்தும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சைனும் கோசைனும் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவது ஏன்? இவ்வகை இயக்கத்தில் பொருள் எவ்வளவு விலகுகின்றதோ அவ்வளவிற்கு ஏற்ப அதனை நடுவிற்குத் திருப்பும் விசை எழுகின்றது. ஆகவே வேகம் மாறும் வீதம், விலகலுக்கு ஏற்ற அளவினதாயும் எதிர்த்திசையினதாயும் இருத்தல் வேண்டும். சைன் மாறும் வீதத்தைக் கண்டால் கோசைன் வரும். கோசைன் மாறும் வீதத்தைக் கண்டால் எதிர்க்குறியோடு சைனே மீளும். இருமுறை மாற்றத்தைக் கணித்தபின் தன்னையே எதிர்முகமாகக் காட்டும் இப்பண்பே, ஆடும் பொருள் அனைத்திற்கும் அவற்றை உரியவாக்கிற்று. இவ்வியக்கத்தையே நம் பாடநூல்கள் தனிச் சீரிசை இயக்கம் என்கின்றன.

1739-ஆம் ஆண்டில் ஆய்லர், புதுவகை அலைவுகளைப்பற்றிய ஆய்வுரை ஒன்றைக் கழகத்திற்கு அளித்தார். தானே ஆடும் பொருள் ஒன்றனை வேறொரு விசையும் முறைவைத்துத் தள்ளுமாயின் என்ன நிகழும் என்பது அதன் பொருள். அவ்விசையைக் காலத்தின் சைனாகவே அவர் எழுதினார். விடையையும் காலத்தின் சைன் கோசைன்களாலேயே தந்தார். தள்ளும் விசையின் காலமும் பொருளின் சொந்த அலைவுக் காலமும் ஒன்றானால், வீச்சு மேன்மேலும் வளர்ந்துகொண்டே போகும் என்பதையும் கணக்கால் நிறுவினார். தொட்டிலை ஆட்டும் தாய் இவ்வுண்மையைக் கையால் அறிவாள். பெருவலி வேண்டாம், தக்க நேரத்தில் மெல்லத் தொட்டாற் போதும். இதுவே ஒத்ததிர்வு எனப்படுவது. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டனில் தேம்ஸ் ஆற்றின்மேல் திறந்த நடைபாலம், மக்களின் காலடியும் பாலத்தின் அசைவும் ஒத்துப் பக்கவாட்டில் ஆடியமையால், இரண்டு நாட்களில் மூடப்பட்டு, திருத்தியமைத்தபின் 2002-ஆம் ஆண்டிலேயே மீண்டும் திறக்கப்பெற்றது. பாலம் கட்டுவோர் இன்று ஆட்டத்தைக் கணிக்கும் முறையின் வேர், ஒற்றைக்கண்ணராய் இருந்த அறிஞர் எழுதிய அவ்வாய்வுரையில் உள்ளது.

அடுத்த ஆண்டில், கடலின் ஏற்றவற்றம் பற்றிப் பாரிசு அறிவியற் கழகம் அறிவித்த பரிசை நால்வர் பகிர்ந்துகொண்டனர். அவருள் ஆய்லரும் ஒருவர். அவர் நண்பர் தானியேல் பெர்னூலியும் ஒருவர்.

பெர்லினில்

1741-ஆம் ஆண்டில் பிரஷிய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் அழைப்பை ஏற்று ஆய்லர் பெர்லின் சென்றார். இருபத்தைந்து ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். 1748-ஆம் ஆண்டில் லோசான் நகரில் அவருடைய பெருநூல் ஒன்று இரு பகுதிகளாக அச்சேறியது. முடிவிலிகளைப்பற்றிய பகுப்பாய்வுக்கு முன்னுரையாக அமைந்த அந்நூலில், வட்டத்தின் ஆரத்தை ஒன்று எனக் கொண்டு, சைனையும் கோசைனையும் வெறும் எண்களாகவே அமைத்தார். நீளமாயிருந்தது எண்ணாயிற்று, அளவைக் கோடாயிருந்தது சார்பாயிற்று. அடுக்கு எண்களோடு அவற்றிற்குள்ள மறைவான உறவையும் அந்நூல் வெளிப்படுத்தியது. நாம் இன்று வகுப்பில் வழங்கும் திரிகோணமிதி பெரும்பாலும் அந்நூலின் வடிவமே.

அவர்தம் கருவியைக்கொண்டே அவரை மறுக்கவேண்டிய நிலையும் ஒன்று தோன்றிற்று. யாழின் நரம்பைப் போன்ற இழுத்துக் கட்டிய தந்தி எவ்வாறு துடிக்கின்றது என்பது அந்நாளில் அறிஞரிடையே பெரு வழக்காயிருந்தது. பிரெஞ்சு அறிஞர் தலாம்பர் 1747-ஆம் ஆண்டில் அதற்குரிய சமன்பாட்டைத் தீர்த்தார். ஆய்லரும் தம் விடையைத் தந்தார். தந்தியை விரலால் இழுத்துக் கூராக வளைத்து விட்டாலும் அதன் தொடக்க வடிவத்தைக் கணக்கில் ஏற்கலாம் என்பது ஆய்லர் கொள்கை. தலாம்பர் அதனை ஒப்பவில்லை. 1753-ஆம் ஆண்டில் தானியேல் பெர்னூலி மூன்றாவது கருத்தைக் கூறினார். ஒரே தந்தியில் அடிப்படை ஒலியும், அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்ணுள்ள ஒலிகளும் ஒருங்கே எழுகின்றன. ஆதலின் தந்தியின் எந்த வடிவமும் பல சைன்களைக் கூட்டியதேயாம் என்றார் அவர். ஆய்லர் இதனைப் பொதுவிடையாக ஏற்கவில்லை. மென்மையாக வளையும் சைன்களைக் கூட்டினால் கூரிய முனையுள்ள வடிவம் எவ்வாறு வரும் என்று ஐயுற்றார்.

பின்வந்த காலம் பெர்னூலியின் பக்கமே சாய்ந்தது. வெப்பம் பரவுதலை ஆராய்ந்த ஃபூரியே 1807-ஆம் ஆண்டில் அக்கருத்தை விரித்தார். 1822-ஆம் ஆண்டில் நூலாக்கினார். 1829-ஆம் ஆண்டில் டிரிக்லே, எத்தகைய வடிவங்களுக்கு அது பொருந்தும் என்பதற்குத் திட்பமான நிறுவல் தந்தார். அக்கூட்டலில் ஒவ்வொரு சைனும் கோசைனும் எவ்வளவு வேண்டும் என்று கணிக்கும் வழியை ஆய்லரே 1777-ஆம் ஆண்டில் எழுதியிருந்தார் என்பதும், அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து அஃது அச்சேறியது என்பதும் வியக்கத்தக்க செய்தி. எழுபது வயது முதியவர், தாம் முன்னர் ஐயுற்ற வழியின் திறவுகோலைத் தம் கையாலேயே செய்துவைத்துச் சென்றார். மாபெரும் அறிஞர்க்கும் காணாத திசை உண்டு. அவ்வாறு காணாதிருந்தும் அவர்தம் உழைப்பு வீணாவதில்லை. கற்கத் தொடங்கும் நமக்கு இவ்விரண்டும் ஆறுதல் தரும்.

பெர்லினில் அவர் வாழ்வு முழுவதும் இனிமையாக இருந்ததன்று. மன்னர் நகைச்சுவையும் நாநயமும் உடையவரை விரும்பினார். ஆய்லரோ எளிய நடையினர். அரண்மனைப் பேச்சிற்கு ஒவ்வாதவர். அவர்தம் கண்குறையையும் மன்னர் எள்ளினார். ஆய்லர் அதனால் மனம் உடைந்து பணியை விட்டாரல்லர். மாலைதோறும் வீட்டாரைக் கூட்டித் திருமறையில் ஒரு பகுதியைப் படித்து வழிபாடு நடத்துவது அவர் வழக்கம். திருவெளிப்பாட்டினைக் குறைகூறுவார்க்கு மறுமொழியாக 1747-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலும் எழுதினார். இளவரசி ஒருவர்க்கு 1760 முதல் 1762 வரையில் ஒளி, ஒலி, விண் முதலியவற்றைப்பற்றி அவர் எழுதிய 234 கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்து, கணிதம் அறியாதாரும் விரும்பிப் படிக்கும் நூலாயின.

இருளும் உழைப்பும்

1766-ஆம் ஆண்டில் பேரரசி இரண்டாம் காதரீன் அழைக்க, ஆய்லர் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் அடைந்தார். அதன்பின் இடக்கண்ணையும் படலம் மறைக்கலாயிற்று. 1771-ஆம் ஆண்டு மே மாதத்தில் நகரில் பெருந்தீ மூண்டது. பார்வை மங்கிய முதியவர் வீட்டினுள் அகப்பட்டுக்கொண்டார். பாசல் நகரத்துத் தொழிலாளி கிரிம் என்பவர் உள்ளே பாய்ந்து அவரைத் தோளிற் சுமந்து வெளியே கொணர்ந்தார். வீடு அழிந்தது, கையெழுத்துப் படிகளுட் பெரும்பாலன தப்பின. அவ்வாண்டிலேயே செய்த கண் மருத்துவத்தால் பார்வை சிறிது மீண்டது. சில நாட்களில் நோய் புகுந்து, கடும் வேதனையோடு அதுவும் மறைந்தது. 1773-ஆம் ஆண்டில், நாற்பதாண்டு அளவாக உடன்வாழ்ந்த மனைவியார் இறந்தார்.

இத்துணைத் துன்பங்களும் அடுத்தடுத்து வந்துற்ற இக்காலத்தே அவர்தம் எழுத்து வற்றியதா என்றால், பெருகியது என்றே வரலாறு விடை கூறுகின்றது. இயற்கணித நூல் ஒன்றைத் தம் ஏவலாளாகிய இளைஞர் ஒருவரை எழுதச்செய்து தாம் வாயாற் சொன்னார். தையற்காரரிடம் தொழில் பழகியிருந்த அவ்விளைஞர், எழுதிக்கொண்டே கணக்கையும் கற்றுக்கொண்டாராம். மூத்த மகனாரும் மாணவர் சிலரும் பலகையில் வரைந்தும் ஏட்டில் எழுதியும் உதவினர். நீண்ட கணக்குகளை ஆய்லர் மனத்திலேயே செய்து முடிவை மட்டும் சொல்வார். 1775-ஆம் ஆண்டில் ஏறத்தாழ வாரத்திற்கு ஓர் ஆய்வுரையாக முடித்தார். இளமையில் ஆசிரியரை நாடுமுன் தாமே முயன்று ஐயந்தீர்த்த பயிற்சி, முதுமையிற் கண்ணின்றிக் கணிக்கும் ஆற்றலாய் மலர்ந்தது.

1783-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ஆம் நாள் வழக்கம்போலவே கழிந்தது. அவ்வாண்டில் பிரான்சு நாட்டார் வானிற் செலுத்திய கூண்டு எவ்வாறு மேலெழும் என்று அவர் கணித்திருந்தார். 1781-ஆம் ஆண்டில் புதிதாகக் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோளின் வழியைப்பற்றி உடன்பணியாளரோடு உரையாடினார். பேரப்பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருந்தார். அந்நிலையில் மூளையில் குருதி கசிந்து நினைவிழந்தார். அன்றிரவே உயிர் நீத்தார். அப்பொழுது அவர்க்கு வயது எழுபத்தாறு. முதலில் லூத்தரன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்ற அவர் உடலின் எச்சம், 1956-ஆம் ஆண்டில் அந்நகரிலுள்ள அலெக்சாண்டர் நெவ்ஸ்கி மடத்திற்கு மாற்றப்பெற்றது.

அவர் விட்டுச்சென்றவை

அவர் எழுதி வைத்தவற்றை அச்சிட்டு முடிக்கக் கழகத்திற்கு அவர் மறைவின்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. எனஸ்ட்ரோம் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் அவற்றைத் தொகுத்து எண்ணியபொழுது 866 என்று கண்டார். 1911-ஆம் ஆண்டில் தொடங்கிய முழுத்தொகுப்பு எண்பதிற்கும் மேற்பட்ட பெருந்தொகுதிகளாக விரிந்தது. அத்தொகுதிகளைக் காணாதவரும் அவர்தம் கொடையை நாள்தோறும் துய்க்கின்றனர். நம் வீட்டு விளக்கை எரிக்கும் மின்னோட்டம் விநாடிக்கு ஐம்பது முறை சைன் நடையிற் சென்று மீள்கின்றது. துறைமுகங்களில் கடல் எந்நேரம் ஏறும், எந்நேரம் வற்றும் என்று முன்கூட்டி அறிவிக்கும் அட்டவணைகள், ஞாயிறும் திங்களும் எழுப்பும் பல அலைவுகளைக் கோசைன்களாகக் கூட்டியே கணிக்கப்படுகின்றன. ஒலியைப் பதிவுசெய்து தொலைவிற்கு அனுப்பும் கருவிகளும், நில நடுக்கத்தை ஆராயும் கருவிகளும் இவ்வழியையே நாடுகின்றன.

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கவை சில உள. ஆசிரியரை அணுகுமுன் தாமே முயலுதல் ஒன்று. இளமையிலேயே பிறந்த நாட்டை விட்டும், இடையில் மன்னரின் ஏளனத்திற்கு ஆளாகியும், ஈற்றில் இரு கண்ணும் இழந்தும், எடுத்த பணியை இடையே விடாமை மற்றொன்று. எல்லாவற்றினும் மேலாக, நெடுங்காலம் வானநூலார் கையில் அளவைக் கோலாயிருந்த ஒன்றனை எடுத்து, காலத்தோடு நடக்கும் எண்ணாக மாற்றி, சென்று மீளும் பொருள் அனைத்திற்கும் ஒரு மொழி அமைத்துத் தந்தார். மொழி பயிலும் நமக்கு அதன் அருமை நன்கு விளங்கும். சொல் புதிதன்று, அதனைப் பொருளோடு புணர்த்த முறையே புதிது. பழஞ்சொல்லுக்குப் புதுவாழ்வு தருதல் புலவர் தொழில் என்பர். கணிதத்தில் அத்தொழிலைச் செய்த லியோனார்டு ஆய்லரின் பெயர், ஆய்வுக்கூடத்தில் ஊசலை ஆட்டும் மாணவர் நாவிலும் ஏட்டைப் புரட்டும் மாணவர் நாவிலும் ஒருங்கே வழங்குக.